ஒட்டுப்போட்ட பாலமும் ஓடாத வியாபாரமும்

வணிகப் பெருமக்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி இரு கரையையும் மீறிப் பாய்ந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோக, சுமார் 800 பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியெல்லாம் அரித்துப்போய், இரும்புப் பாதை அந்தரத்தில் தொங்கிய படங்களை நாடே பார்த்தது. ஏரல் கடைவீதியில் ஷட்டருக்குள் புகுந்த வெள்ளம் சிறிய கடை, பெரிய கடை என்று பார்க்கவில்லை.

கடையைக் கழுவித் துடைத்துத் திறந்துவிடலாம். நம் வியாபாரிகள் அதைச் செய்தார்கள். கெட்டுப்போன சரக்கைக் குப்பையில் கொட்டிவிட்டு, மண்டியில் கடன் சொல்லி, புதிய சரக்குக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சரக்கு கடைக்கு வந்து சேர வேண்டுமே! சாலை அறுந்து கிடந்தால், பாலத்தை ஒட்டிய மண் கரைந்து போயிருந்தால், லாரி எங்கே நிற்கும்? வெள்ளம் வடிந்த பிறகும் வியாபாரி நனைந்துகொண்டே இருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாலையும் பாலமும் யார் பணத்தில், எந்தக் கணக்கில், எத்தனை நாளில் சீராகின்றன என்பதை நம்மில் பலர் விசாரித்துப் பார்ப்பதில்லை. ‘மாநிலம் கேட்டது, மத்திய அரசு தரவில்லை’ என்று ஒரு பக்கம். ‘கொடுத்தோம், செலவழிக்கவில்லை’ என்று மறு பக்கம். இரண்டையும் பத்திரிகையில் படித்துவிட்டுக் கல்லாப் பெட்டியைத் திறக்கப் போய்விடுகிறோம். கணக்குப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நாம் இந்தக் கணக்கையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது.

கேட்டதும் கிடைத்ததும்

2023 டிசம்பரில் தமிழகத்துக்கு இரண்டு அடி விழுந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புற மாவட்டங்களையும் முடக்கியது. இரண்டு வாரத்தில் தென் மாவட்டங்களில் வெள்ளம். புயல் சேதத்துக்கு ரூ. 19,692 கோடியும், தென் மாவட்ட வெள்ளத்துக்கு ரூ. 18,214 கோடியும், ஆக மொத்தம் ஏறத்தாழ ரூ. 37,907 கோடி வேண்டும் என்று மாநில அரசு மனுக் கொடுத்தது. 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து வந்து சேர்ந்த தொகை ரூ. 276 கோடி. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த விகிதத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். நமக்கு இது புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடியபோதும் மாநிலம் கேட்டது சுமார் ரூ. 15,000 கோடி, தேசிய நிதியிலிருந்து அனுமதிக்கப்பட்டது ரூ. 1,146 கோடி. அன்றைக்கு மாநிலத்தில் இருந்த கட்சி வேறு, உறவும் வேறு. ஆகவே இது இந்தக் கட்சி, அந்தக் கட்சி விவகாரம் மட்டுமல்ல என்பது நமது கருத்து.

இரண்டு தரப்பும் வெவ்வேறு படிக்கல்லை வைத்து நிறுக்கின்றன. மிக்ஜாம் புயலுக்கான மனுவையே எடுத்துக்கொள்வோம். அதில் தற்காலிக நிவாரணத்துக்கு ரூ. 7,033 கோடி, நிரந்தரச் சீரமைப்புக்கு ரூ. 12,659 கோடி என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள். கேட்டதில் பெரும்பகுதி நிரந்தர வேலைக்கு. பேரிடர் நிதியின் விதிமுறையோ உடனடி நிவாரணத்தைக் கருதி எழுதப்பட்டது. சாலை, பாலம் என்ற தலைப்பின் கீழ் அந்த விதிமுறை அனுமதிக்கும் வேலைகளைப் பாருங்கள்: அறுந்த இடத்தை நிரப்புதல், பள்ளங்களை மூடுதல், தண்ணீர் போகக் குழாய் பதித்தல், கரைக்குக் கல் பதித்தல், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் மாற்றுப்பாதை போடுதல், பாலத்தின் அணுகுசாலையைத் தற்காலிகமாகச் சரிசெய்தல், கைப்பிடிச் சுவரைச் சரிசெய்தல். எல்லாம் ‘போக்குவரத்தை உடனே மீட்க’ என்ற நோக்கத்தில். பாலத்தை மறுபடி கட்டு என்ற சொல் அதில் இல்லை.

தொகையையும் பாருங்கள். 2015இல் வகுத்த விதிமுறையில் மாநில நெடுஞ்சாலை, முக்கிய மாவட்டச் சாலைகளைச் சீர்செய்யக் கிலோமீட்டருக்கு ரூ. 1 லட்சம், கிராமச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 60,000. ஜல்லியும் தாரும் என்ன விலை விற்கிறது என்று கட்டுமானப் பொருள் விற்கும் நமது உறுப்பினர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடித்துக்கொண்டு போன சாலையை அந்தத் தொகையில் யாரும் போட முடியாது. மண்ணைக் கொட்டி மேடுபள்ளத்தை நிரவலாம். அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் அந்த மண் மறுபடி ஆற்றில் போகிறது.

இதில் இன்னொரு கழிவும் உண்டு. அந்த ஆண்டு மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்குமாக ஒப்புதல் கிடைத்த தொகை ரூ. 682 கோடிக்கு மேல். மாநிலப் பேரிடர் நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவது விதி. கழிவு போகக் கைக்கு வந்ததுதான் அந்த ரூ. 276 கோடி. பழைய பாக்கியைப் பிடித்துக்கொண்டு பில் பணம் கொடுக்கும் மொத்த வியாபாரியின் பழக்கம் நமக்குத் தெரியாததா!

மத்திய அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுவது முறை. மாநிலப் பேரிடர் நிதி என்று ஒன்று ஆண்டுதோறும் இருக்கிறது. அதில் பொதுவான மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். 2023-24இல் தமிழகத்துக்கு மத்திய அரசு தன் பங்காக ரூ. 900 கோடியை இரண்டு தவணையில் கொடுத்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பகுதிகளை நாசப்படுத்தியபோது, அந்த ஆண்டுக்கான ரூ. 944.80 கோடியை டிசம்பரில் விடுவித்தார்கள். பிறகு 2025 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து ரூ. 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆக, ஒன்றுமே வரவில்லை என்று சொல்வது சரியல்ல. வருகிற பணம் ஒட்டுப்போடும் பணம் என்பதே நமது குறை.

ஒட்டுப்போடுவதற்கும் கட்டுவதற்கும் நடுவில்

நிரந்தர வேலைக்கு எங்கே பணம்? 15ஆவது நிதிக்குழு இதைக் கவனிக்காமல் இல்லை. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு மாநிலங்களின் பேரிடர் மேலாண்மை நிதிக்கு ரூ. 1,60,153 கோடி என்று வகுத்து, அதைக் கூறுபோட்டும் கொடுத்தது. நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீட்பு மற்றும் மறுகட்டுமானத்துக்கு 30 சதவீதம், முன்னேற்பாட்டுக்கு 10 சதவீதம், சேதத் தணிப்புக்கு 20 சதவீதம். முதன்முறையாக மறுகட்டுமானத்துக்கு என்று தனிப் பெட்டி வைத்த அந்த ஏற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பெட்டிக்குச் சாவி எப்போது வந்தது தெரியுமா? நிதிக்குழுவின் காலம் 2021 ஏப்ரலில் தொடங்கியது. மறுகட்டுமான நிதியை எப்படிக் கேட்பது, எப்படி மதிப்பிடுவது, எப்படிக் கொடுப்பது என்ற வழிமுறையை மத்திய உள்துறை வெளியிட்டது 2024 ஆகஸ்டில். ஐந்தாண்டில் மூன்றாண்டுக்கு மேல் ஓடிப்போன பிறகு! இமாசலப் பிரதேசத்தில் 2023 மழைக்காலத்தில் மலைச்சரிவும் வெள்ளமும் சாலைகளைப் பெயர்த்து எறிந்தன. அந்த மாநிலத்தின் மறுகட்டுமானத் திட்டத்துக்கு ரூ. 2,006 கோடி அனுமதி கிடைத்தது 2025 ஜூனில். இரண்டு ஆப்பிள் பருவம் அதற்குள் முடிந்துவிட்டது. மலையிலிருந்து பெட்டி இறங்கும் சாலை தாமதமானால் ஆப்பிள் காத்திருக்குமா, வாழைத்தார் காத்திருக்குமா, ஆத்தூர் வெற்றிலை காத்திருக்குமா? பொருள்தான் வேறு.

கேரளத்தின் கதை வேறு விதம். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை சரிந்து ஊர்களே மறைந்தன. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு ரூ. 529.50 கோடியை 50 ஆண்டுக்கால வட்டியில்லாக் கடனாக அனுமதித்தது. அதை மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை. ஒன்றரை மாதத்தில் பாலமும் சாலையும் கட்டும் வித்தை எந்த ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது. கடன் கொடுக்கிறவர் தவணைத் தேதியைக் குறிப்பது சரி; வாங்கிய மறுமாதமே சரக்கை விற்றுக் காட்டு என்பது நம் தொழிலில் கேள்விப்படாத நிபந்தனை.

இந்தப் பணம் யாருடையது?

‘அரசாங்கப் பணம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தேசியப் பேரிடர் நிதிக்கு ஊற்று எது என்று பார்த்தால் அது நம் கடை வாசலில் வந்து நிற்கிறது. 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் ‘தேசியப் பேரிடர் தீர்வை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என்.சி.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சிகரெட், பீடி, புகையிலை ஆகியவற்றின் மீது அது விழுந்தது. பின்னர் கச்சா எண்ணெய் உள்ளிட்ட வேறு சில பொருட்கள் மீதும் விழுந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து பழைய வரிகளைக் கரைத்துக் குடித்தபோதும், புகையிலைப் பொருட்கள் மீதும் கச்சா எண்ணெய் மீதும் இந்தத் தீர்வை மட்டும் கரையாமல் நின்றது. 2023 மத்திய பட்ஜெட்டில் சிகரெட் மீதான இந்தத் தீர்வையை ஏறத்தாழ 16 சதவீதம் உயர்த்தினார்கள். சில்லறைக் கடையில் தொங்கும் பீடிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு, எங்கோ உடைந்த பாலத்துக்காக வசூலாகிறது. வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிற நமக்கும் தெரியாது. (புகைபிடிப்பதை நாம் ஊக்குவிக்கவில்லை, வசூலாகும் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையைத்தான் சொல்கிறோம்.)

டீசலும் அப்படியே. லிட்டருக்கு நாம் கொடுக்கும் விலைக்குள் சாலைக்கும் உள்கட்டமைப்புக்குமான மேல்வரி அடங்கியிருக்கிறது. லாரி வாடகை ஏறுவதெல்லாம் கடைசியில் மளிகைச் சிட்டையில்தான் வந்து இறங்குகிறது.

இன்னும் ஒரு வேதனையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளத்தில் சரக்கு அழிந்துவிட்டால், அந்தச் சரக்கை வாங்கும்போது கட்டி, நாம் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)ஆவது பிரிவு. திருடு போனதற்கும், நாசமானதற்கும், இலவசமாகக் கொடுத்ததற்கும் ஒரே சட்டி. சரக்கும் போயிற்று, சரக்குக்குக் கட்டிய வரியும் போயிற்று. அதே வேளையில் அந்தச் சரக்கு மறுபடி வந்து சேரும் சாலைக்குப் பணமில்லை என்கிறார்கள். இது சாலை விவகாரத்தைச் சேர்ந்ததல்ல என்று சிலர் நினைக்கலாம். ஒரே வெள்ளம், ஒரே கடை, ஒரே கணக்குப் புத்தகம். நமக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு சிறு கணக்கு

சாலையை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவது சிக்கனம் என்று நினைக்கும் அதிகாரிகளுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆற்றுப் பாலம் கனரக வாகனத்துக்கு மூடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி 30 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். போக வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 15 லிட்டர் டீசல் கூடுதல். லிட்டர் ரூ. 90 என்றே வைத்தாலும் ஒரு நடைக்கு ரூ. 1,350. ஒரு நாளைக்கு 100 வண்டி என்றால் ரூ. 1,35,000. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 4 கோடியே 5 லட்சம். நான்கு ஆண்டு அந்தப் பாலம் அப்படியே கிடந்தால் 16 கோடியே 20 லட்சம் ரூபாய் டீசல் புகையாகப் போய்விடும். டிரைவர் பேட்டா, டயர் தேய்மானம், வழியில் அழுகிய காய்கறி, நேரத்துக்கு வராத சரக்கால் கைவிட்டுப் போன வாடிக்கையாளர், எதையும் இதில் சேர்க்கவில்லை.

இந்த 16 கோடி என்ற தொகைக்கு ஓர் அர்த்தம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உயர்மட்டப் பாலம் ஒன்றைக் கட்ட ஆன செலவும் ஏறத்தாழ ரூ. 16 கோடிதான். அதாவது ஒட்டுப்போட்டு வைத்த பாலம் ஒன்று நான்கு ஆண்டில் ஒரு புதுப் பாலத்தின் விலையைத் தின்றுவிடும். அந்தச் செலவு அரசாங்கக் கணக்கில் வருவதில்லை. ஆயிரக்கணக்கான சிட்டைகளில் பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சிதறிக் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த அகரம்பள்ளிப்பட்டுப் பாலத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை வெள்ளத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. வயது மூன்று மாதம். எதிர்பார்த்த வெள்ளத்தைப் போலப் பல மடங்கு வந்துவிட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். வந்தது உண்மைதான். ஆனால் மழையின் கணக்கு மாறிவிட்டது என்பது 2015 சென்னை வெள்ளத்திலிருந்தே எல்லோரும் சொல்லிவருவது. ஓர் அணைக்குக் கீழே பாலம் கட்டும்போது அந்த அணையைத் திறந்தால் என்ன வரும் என்ற கேள்விதானே முதல் கேள்வி? ஆகவே நிதி மட்டும் தாராளமாக வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பழைய அளவிலேயே மறுபடி கட்டுவது, நனைந்த சரக்கையே மறுபடி அடுக்கி வைப்பதற்குச் சமம். தண்ணீர் போகும் கண்களை அகலமாக வைத்து, அணுகுசாலையை மண்ணால் அடைக்காமல் கட்ட வேண்டும். பெரும்பாலான இடங்களில் பாலம் நிற்கிறது, பாலத்துக்கு ஏறும் சாலைதான் போகிறது. ஏரலிலும் பாலத்தை ஒட்டிய சாலைதான் அரித்துப் போயிற்று.

எந்த வாசலைத் தட்டுவது?

சாலை அறுந்தால் வியாபாரி யாரிடம் போவது? தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசின் ஆணையம். அதுவும் சில இடத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் தனிப் பிரிவு. மாநிலச் சாலை, மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. ஊருக்குள் நகராட்சி, பேரூராட்சி. கிராமத்தில் ஊராட்சி ஒன்றியம். ஆற்றின் கரை உடைந்து அதனால் சாலை போனால் கரை நீர்வளத் துறைக்கு, சாலை வேறு துறைக்கு. ரயில்வே கீழ்ப்பாலத்தில் தண்ணீர் நின்றால் அது இன்னொரு கதை. ஒரே பத்து கிலோமீட்டருக்குள் நான்கு இலாகா. ஒவ்வொருவரும் ‘எங்கள் பகுதி முடிந்துவிட்டது’ என்கிறார்கள். லாரி எந்த இலாகாவின் எல்லையில் பள்ளத்தில் இறங்கியது என்று டிரைவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

டெண்டர் விதிகளால்தான் தாமதம் என்று சொல்வதும் உண்டு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது, நல்ல சட்டம். ரூ. 2 கோடி வரையிலான வேலைக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. இயற்கைச் சீற்றக் காலத்தில் இதிலிருந்து விலக்குப் பெறவும் அந்தச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே வருடக்கணக்கில் பாலம் கிடப்பதற்கு முப்பது நாள் டெண்டரைக் காரணம் காட்டுவது எடுபடாது. தாமதம் மதிப்பீடு போடுவதில் இருக்கிறது, கோப்பு நகர்வதில் இருக்கிறது, ‘டெல்லிப் பணம் வரட்டும்’ என்ற காத்திருப்பில் இருக்கிறது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்துவிட்டுப் போனது. அதைச் சீராக்க ஆறு மாதம் என்று ரயில்வே குறித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகச் சுருக்கினார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். கடலில் விழுந்து கிடந்த இரும்பு உத்தரங்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். அன்றைக்கு இன்றைய இயந்திரம் இல்லை. ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளரும் ஒரு தேதியும் இருந்தன.

மேல்வரி வேண்டாம்

நமது உறுப்பினர்கள் சிலர் ஒரு யோசனை சொல்கிறார்கள். மத்திய அரசை நம்பிப் பயனில்லை, கேரளத்தைப் போல நாமே ஒரு வெள்ள மேல்வரி போட்டுப் பாலங்களைக் கட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு ஜி.எஸ்.டி. மன்றத்தின் அனுமதி பெற்று 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை ஒரு சதவீத மேல்வரி வசூலித்தது. 5 சதவீதம் வரை வரியுள்ள பொருட்களை விட்டுவிட்டார்கள். தங்கத்துக்குக் கால் சதவீதம் என்று வைத்தார்கள். சொன்ன தேதியில் நிறுத்தியதையும் பாராட்டலாம்.

இருந்தாலும் இந்த யோசனையை நாம் ஏற்கவில்லை. அந்த மேல்வரி கடைசியாக நுகர்வோருக்கு விற்கும் கடைக்காரர் தலையில்தான் விழுந்தது. பில் போடும் கம்ப்யூட்டரில் அதற்கென்று தனி வரி சேர்க்க வேண்டும், தனி ரிட்டன் போட வேண்டும், விலை ஏன் கூடியது என்று வாங்க வந்தவரிடம் விளக்கமும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பேரிடரின் பெயரால் ஒரு தீர்வை இருக்கிறது, சாலையின் பெயரால் ஒரு மேல்வரி இருக்கிறது. அவை போன இடத்தைக் காட்டாமல் மூன்றாவது உண்டியலை நம் கடையில் மாட்டுவதற்கு நாம் ஏன் இசைய வேண்டும்?

நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு மாவட்டத்திலும் பேரிடரில் சேதமான சாலை, பாலங்களின் பட்டியலை ஆட்சியர் அலுவலகம் வெளியிடட்டும். எது தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டது, நிரந்தர வேலைக்கு எந்த நிதியில் இடம், எந்தத் தேதிக்குள் முடியும் என்பது அதில் இருக்கட்டும். தற்காலிகப் பாதையின் இரு முனையிலும் அதே விவரத்தைப் பலகையில் எழுதி வைக்கட்டும். எடை வரம்பையும் தெளிவாகப் போடட்டும். (எடை வரம்பை மீறி ‘போட்டு ஓட்டு’ என்று டிரைவரை விரட்டும் ஓரிரு வியாபாரிகளால் அந்த ஒட்டும் உடைந்து எல்லோருக்கும் கேடு வருகிறது. அவர்களுக்காக இந்த இதழ் பேசாது.) மாநில அரசு தேசிய நிதியை எதிர்பார்த்துக் காத்திராமல், சரக்குப் போக்குவரத்து மிகுந்த பாலங்களை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். மத்திய அரசு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற மண்கொட்டும் கணக்கை விட்டு, அந்தந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறை விலைப்பட்டியலின்படி மதிப்பிடட்டும். மறுகட்டுமான மனு கொடுத்தால் இத்தனை மாதத்துக்குள் முடிவு என்று ஒரு கெடுவையும் வைத்துக்கொள்ளட்டும்.

மத்தியக் குழு வரும்போது வயல், வீடு, மின்கம்பம், சாலை எல்லாவற்றையும் பார்க்கிறது. சாலை அறுந்ததால் நின்றுபோன வியாபாரத்தை யாரும் காட்டுவதில்லை. காட்டுவதற்கு நம்மிடமும் காகிதம் இருப்பதில்லை. குழு வந்து போவது ஒரு நாளோ இரண்டு நாளோ. அந்த நேரத்தில் கடை வாசலில் நின்று கையைக் கூப்பினால் மட்டும் போதாது. சுற்றுப்பாதையில் வந்த லாரியின் வாடகை ரசீது, அதே சரக்குக்கு முன்மாதம் கொடுத்த வாடகை ரசீது, வழியில் தாமதமானதால் காலம் நீட்டித்த இ-வே பில், நாசமான சரக்கின் கொள்முதல் பில், திருப்பிக் கட்டிய உள்ளீட்டு வரியின் விவரம் ஆகிய ஐந்தும் இருந்தால் நஷ்டத்தை ரூபாயில் காட்டலாம். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும் என்பதும், காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் இயற்கைச் சீற்றம் என்று காரணம் காட்டி நீட்டிக்கலாம் என்பதும் நமது உறுப்பினர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. நீட்டிக்காமல் விட்டு வழியில் அபராதம் கட்டுகிறார்கள். நீட்டித்தால் அபராதமும் இல்லை, தாமதத்துக்கு அரசாங்கப் பதிவே சாட்சியாகவும் நிற்கும்.

மூடப்பட்ட பாலத்தாலோ உடைந்த சாலையாலோ இன்னமும் சுற்றிவரும் வண்டிகளில் சரக்கு எடுக்கும் உறுப்பினர்கள், மேற்சொன்ன காகிதங்களின் நகலை அந்தந்த ஊர்க் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். பாலத்தின் பெயர், அது எந்தத் துறையைச் சேர்ந்தது, என்றிலிருந்து மூடியிருக்கிறது என்ற மூன்றையும் மேல்தாளில் எழுதிவிடுங்கள். சங்கத்தின் சார்பில் ஆட்சியரிடமும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளரிடமும் கொடுக்கப்போகும் மனுவில் அவை ஊர்வாரியாகச் சேர்க்கப்படும்.